நிழல் வரிசை

எங்கள் அண்ணிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், வெறுங்காலால் வாசல் சிமென்ட்டில் சூடு பார்த்துவிட்டு வருவாள். "தரையே கொதிக்குது, மணல் என்ன பாடு படுமோ" என்று புலம்புவாள். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. "ஏம்மா, ஆமைக்கே இல்லாத அவசரம் உனக்கு எதுக்கு?" என்பார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "ஒண்ணு உக்காந்து சாப்பிடுங்க அண்ணி, இல்ல தட்டோட கடற்கரைக்கே போயிடுங்க" என்று கத்திவிடுவேன்.

அண்ணிக்குக் கடற்கரையில் முட்டைக் காவல் வேலை. ஆமைகள் கரையேறி இட்டுவிட்டுப் போகும் முட்டைகளை, நாய் தோண்டுவதற்கு முன் எடுத்துவந்து, வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்தில் குழி பறித்துப் புதைக்க வேண்டும். புரட்டினால் கரு செத்துவிடும். முட்டை கைக்கு வந்ததும் அண்ணியின் பரபரப்பெல்லாம் எங்கே ஓடி ஒளியுமோ, தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவது போல் வைப்பாள்.

தொல்லை வெயிலால்தான். ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு ஏறினால் பெண், இறங்கினால் ஆண். எங்கள் கரை காய்ந்த காய்ச்சலில் எல்லாம் பெண்ணாகவே பொரிந்துகொண்டிருந்தன. உயிருள்ள குஞ்சை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லவும் முடியாது. குழிக்குள்ளேயே செத்துப்போனதை அண்ணி ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுக் கொடுப்பாள், ஆராய்ச்சிக்காரம்மா கொண்டுபோய் அறுத்துப் பார்த்துச் சொல்வார். "இந்த வருஷமும் ஒரு ஆண்கூட இல்லைன்னா, இங்க மூடிட்டு முட்டையையெல்லாம் வேற கரைக்குக் கொண்டுபோயிடுவாங்க" என்று அவர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அண்ணி எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. நான் தையல்காரி. மிஷினில் கிடந்த ரவிக்கையை உருவி ஓரமாக எறிந்துவிட்டுப் பச்சை வலைத்துணியை நீட்டினாள். "ரெண்டு மடிப்பா தை. ஓரம் கிழியக் கூடாது." ஊசி உடைந்தது, என் வாயும் சும்மா இருக்கவில்லை, ஆனாலும் தைத்தேன். கடைசி வரிசைக் குழிகளுக்கு மேல் அது பந்தலாக நின்றது. அதுதான் நிழல் வரிசை. அண்ணி அங்கே காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். மற்ற வரிசைகள் சீக்கிரமே பொரிந்தன. "போங்கடி, பார்த்துப் போங்கடி" என்று குஞ்சுகளைக் கடலுக்கு வழியனுப்பினாள். நிழல் வரிசை மட்டும் அசையவில்லை. மணல் குளிர்ந்தால் தாமதமாகும் என்று தெரிந்தவள்தான். தெரிந்து என்ன, நகத்தைக் கடித்தே தீர்த்தாள்.

ஒருநாள் விடிந்ததும் அந்த வரிசையின் முதல் குழி பொரிந்தது. மதியமே ஆராய்ச்சிக்காரம்மா வந்துவிட்டார்.

"செத்தது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லைங்க" என்றாள் அண்ணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் வேலியில் சாய்ந்துவிட்டார். "ஐயோ! இந்த வாரமே முடிவு பண்ணப் போறாங்க. ஒண்ணாவது கிடைச்சாத்தானே ஆண் பிறந்திருக்குன்னு காட்ட முடியும்? இப்ப நான் எதை வெச்சுப் பேசறது?"

எனக்குச் சுருக்கென்றது. காலையில் டீ கொண்டுபோனபோது அண்ணி வேலிக்கு வெளியே கையால் மணலைப் பறித்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, அந்தப் புதர்கிட்ட என்னத்தைப் புதைச்சீங்க?" என்றேன்.

அவ்வளவுதான், ஓடினாள். தோண்டிக்கொண்டே அழுதாள். "ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. நிழல்தான் கொன்னுச்சுன்னு பந்தலைப் பிரிச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன்." தோண்டிய இடத்தில் இல்லை. பக்கத்திலும் இல்லை. நாய் இழுத்திருக்குமோ, எறும்பு தின்றிருக்குமோ என்று அரற்றினாள். "உங்க புத்தி புல் மேயப் போச்சா?" என்று திட்டிக்கொண்டே நானும் மண்டியிட்டேன். என் விரலில்தான் தட்டுப்பட்டது. பாதி உடம்பு இன்னும் முட்டை ஓட்டுக்குள் இருந்தது.

ஆராய்ச்சிக்காரம்மா அதைக் கொண்டுபோனார். பதில் வரும்வரை வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பொறுமைசாலி அண்ணன்கூட ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் போன் போட்டு, "வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது. ஆண்.

"ஒண்ணை வெச்சு எல்லாத்தையும் சொல்லிட முடியாது" என்றார் ஆராய்ச்சிக்காரம்மா. "ஆனா பந்தல் நிக்கும். இப்போதைக்கு மூட மாட்டாங்க."

நான் குதித்தேன். அண்ணி குதிக்கவில்லை. மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "பிழைச்சுப் போனவன் எவனும் சொல்லலையே. செத்தவன் வந்துதான் எனக்குச் சொல்லணுமா?" என்று விக்கி விக்கி அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கடைசிக் குழி பொரிந்தது. குஞ்சுகள் ஈர மணலில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடின. அண்ணி குழியைக் கிளறிப் பார்த்தாள், வெறும் ஓடுகள்தான், செத்தது ஒன்றுகூட இல்லை. அவற்றின் பின்னாலேயே முழங்கால் தண்ணீர் வரைக்கும் போனாள்.

"எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேணாம்" என்று கத்தினாள். "உயிரோட போங்கடா!"