தையலில் வெட்டாதவள்

சட்டையைத் தரையில் அறைந்து விரித்து, கத்தரியை நடு நெஞ்சில் வைப்பாள் அம்மா. நெஞ்சும் முதுகும் சேர்ந்து பிளக்கும். சட்டைகள் அவளுக்கு 'அவன்'கள்தான். "இவன் பட்டன்கூடக் கழட்டாம வந்திருக்கான் பாரு. துரைக்கு அவ்வளவு அவசரம்."

அவள் வேலை செய்யும் கொட்டகைக்குக் கடல் தாண்டி வரும் பழைய உடுப்புகள். மூட்டையில் 'கழிவுத்துணி' என்றிருக்கும். கழிவுக்கு வரி இல்லை. மறுபடி யாரும் உடுத்த முடியாதபடி வெட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. உள்ளூர்த் துணியைக் காப்பாற்றப் போட்ட சட்டம். கொட்டகைக்காரர் அதற்கும் வழி வைத்திருக்கிறார். தையலோடு வெட்டச் சொல்வார். பின்வாசலில் உட்கார்ந்திருக்கும் தையல்காரர் அதே இடத்தில் திரும்ப ஓட்டிவிடுவார். ஒரு டீ விலைக்குத் தெருவில் சட்டை.

அந்த விலைக்கு நூல்கூட வாங்க முடியாது. அப்பாவின் விசைத்தறிகள் பழைய இரும்புக்குப் போயின. சட்டை மூட்டையையும் எடை போட்டுத்தான் விற்கிறார்கள்; தறியையும் எடை போட்டுத்தான் எடுத்துப்போனார்கள். அந்த வருடமே அப்பா போய்விட்டார்.

கிடத்தியிருந்தவருக்குப் போட, சித்தப்பா அவசரமாக ஒரு சட்டை வாங்கி வந்தார். பொத்தான் மாட்டக் குனிந்த அம்மாவின் விரல் தோளில் நின்றது. தையல்மேல் தையல்.

"இதக் கழட்டுங்க."

"அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வெறும் உடம்போட போனாலும் போவாரு. இதப் போட்டுக்கிட்டுப் போகமாட்டாரு."

சோற்றுக்கு வேறு வழியில்லாமல்தான் இந்தக் கொட்டகைக்கு வந்தாள். வந்த அன்றே கத்தரி தையலை விட்டு நெஞ்சுக்குப் போயிற்று.

நேற்று கொட்டகைக்காரர் அவள் தலைக்கு மேல் வந்து நின்றார். "தையல்ல வெட்டும்மான்னு எத்தன வாட்டி சொல்றது? நல்ல சரக்கெல்லாம் நாசம்."

"போட முடியாம வெட்டணும்னுதானங்க சட்டம்?"

"சட்டமா உனக்குச் சோறு போடுது?"

"தறி போட்டுச்சு. அதுலதான் நீங்க மண்ண அள்ளிப் போட்டீங்களே."

பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள். "சும்மா இரு அக்கா. இதுவும் போச்சுன்னா எங்க போவ?"

அவர் கத்தரியைப் பிடுங்கிக்கொண்டார். "தையல்ல வெட்டுறதா இருந்தா வந்து வாங்கிக்க. இல்லன்னா வீட்டுக்குக் கிளம்பு."

அம்மா எழுந்திருக்கவில்லை. குவியலிலிருந்து அடுத்த சட்டையை இழுத்தாள். கீழ் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு கிழிசல் விட்டுக்கொண்டு, அவர் பார்க்கப் பார்க்க, இரண்டு கையாலும் கழுத்துவரை கிழித்தாள்.