ஈயப் பொட்டு

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்குப் பிறகு நான் உண்டாக்கியவற்றைக் கேளுங்கள். ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் கீழே, சரிவில் ஒரு தார்ப்பாய்ப் படங்கைக் கட்டி, ஒரு குறடோடு தொடங்கிய மோட்டார் சைக்கிள் சாமான் கடை இன்று மாடிக் கட்டடம். மண் சரிந்து பின்சுவரை இரண்டு தடவை கொண்டுபோனது. இரண்டு தடவையும் நானே கல் சுமந்து கட்டினேன். கடைக்கு அனுமதி எடுக்கப் போன நகரசபைக் கந்தோரில் என் கையெழுத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தார். அவருடைய ஸ்கூட்டருக்கு இன்று பிரேக் வயர் போடுவது என் கடையில்தான். எங்கள் தோட்டத்திலிருந்து போன முதல் மிருக வைத்தியர் என் மகள். அவளைப் படிக்க வைத்ததும் இந்தக் கைதான்.

இன்னொன்றும் உண்டு. கிளச் வயரை அளவுக்கு வெட்டினால் நுனி பிரிந்து துடைப்பம் மாதிரி விரியும். நான் அந்த நுனியில் ஈயம் உருக்கி ஒரு பொட்டு வைத்து, ஆறுவதற்குள் குறடால் ஒரு அழுத்து அழுத்துவேன். என் குறட்டில் ஒரு பல் உடைந்திருக்கிறது. அதனால் பொட்டில் வரிவரியாகப் பல் தடம் விழுந்து, நடுவில் ஒரு வரி மட்டும் இருக்காது. கொட்டகலையில் இருந்து ராகலை வரை அந்தப் பொட்டைப் பார்த்தாலே வேலை யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். கழற்றிய பழைய வயர்களை ஒரு பீப்பாயில் போட்டு வைப்பேன். தோட்டத்துச் சனம் போஞ்சிக் கொடி கட்ட, வேலி கட்ட என்று வந்து கேட்கும். சும்மாதான் கொடுத்தேன். சும்மா கொடுத்தாலும் நுனி பிரிந்த வயர் என் கடையை விட்டுப் போகாது. அதற்கும் பொட்டு வைத்துத்தான் கொடுப்பேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரம். மிருகக்காட்சிசாலையில் வேலை செய்யும் என் மகள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த இடத்தில் அவளுக்கு ஒரு மாநாடு. பல நாட்டு மிருகக்காட்சிசாலைக்காரர்களும் மீன் காட்சியகத்துக்காரர்களும் அழிந்து போகிற உயிர்களைக் காப்பாற்றுவதைப் பற்றி ஒன்லைனில் கூடிப் பேசுகிறார்களாம். அதில் மகளும் பேச வேண்டும்.

அவள் பேசப் போனது எங்கள் மலைச் சிறுத்தையைப் பற்றி. தேயிலை மலையில் காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிக்கொள்கிறது. மயக்க ஊசித் துப்பாக்கியும் கூண்டும் தூரத்தில் இருந்து மலையேறி வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. அந்தச் சாமான்களை இங்கேயே, மலையிலேயே, ஒரு வண்டியோடு நிறுத்தி வைக்க உதவி செய்யுங்கள் என்று அவள் கேட்கப் போகிறாள். அவளைப் போல வேறு நாட்டுக்காரர்களும் கேட்பார்கள். மாநாடு முடிவில் யாருக்கு உதவி என்று தீர்மானிப்பார்கள். ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டில் சிக்னல் நிற்காது. "என் கடை மாடியில வந்து பேசு, அங்க லைன் சும்மா பறக்கும்" என்று நான்தான் சொன்னேன். டயர்களை ஒதுக்கி மேசை போட்டேன். கீழே பட்டறையில் சுத்தியல் தூக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். வாசலில் நிற்கிற ஓட்டோக்காரர்களிடம் போய், ஒரு மணி நேரத்துக்கு ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்றேன்.

"என்னா மொதலாளி, வீட்டுல விசேஷமா? புதுச் சட்டயெல்லாம் போட்டிருக்கீங்க" என்று ஒருவர் கேட்டார்.

"மாநாடுய்யா. என் கடை மாடியில. எத்தன நாட்டுக்காரங்க வந்திருக்காங்க தெரியுமா?"

"அப்ப எல்லாருக்கும் ரொட்டி சம்பல் போடுறீங்களா, இல்ல வெறும் பிளேன்டீயோட அனுப்பிடுவீங்களா?"

அந்தச் சிரிப்போடுதான் மேலே போனேன். மகள் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க படத்துல தெரியக் கூடாது. அந்த மூலையில ஒக்காருங்க" என்றாள். புதுச் சட்டையோடு மூலையில், டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் திரை முழுவதும் தெரிந்தது. சின்னச் சின்னப் பெட்டிக்குள் முகங்கள். ஒருவரின் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டி. அதில் குடையை விரித்த மாதிரி ஒரு திருக்கை மீன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. அவர் பேசியதெல்லாம் எனக்கு அந்தத் திருக்கையோடு போய்விட்டது.

மகளின் முறை வந்தது. கிளச், பிரேக், கியர் தவிர எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் அவள் பேசிய தோரணை தெரிந்தது. ஒரு தடங்கல் இல்லை. எனக்கு நெஞ்சு இரண்டு சுற்று பெருத்தது. படங்களைக் காட்டினாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில், இடுப்பில் கம்பி இறுகிக் கிடந்த ஒரு பெண் சிறுத்தை. பிறகு அதே சிறுத்தை மேசையில் மயங்கிக் கிடக்கிறது. வயிற்றுக்குள் பதிந்திருந்த கம்பியை எடுத்தது என் மகள்தான். சிறுத்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் பின்னங்கால் இழுத்துக்கொண்டதால் இனி அது காட்டுக்குத் திரும்ப முடியாது.

அடுத்த படம், எடுத்த கம்பி. வெள்ளைத் துணியில் வைத்துக் கிட்டத்தில் பிடித்திருந்தார்கள். கம்பி நுனியில் ஒரு ஈயப் பொட்டு. பொட்டில் பல் தடம். நடுவில் ஒரு வரி இல்லை.

நான் டயர் மேல் உட்கார்ந்தபடியே இருந்தேன். தெரியாமல் கொடுத்தேன் என்று எழுதினால் அது பொய். போஞ்சிக்கு என்று வாங்கியவர்களும் உண்டு. "பன்னித் தொல்ல தாங்க முடியல மொதலாளி" என்று சொல்லி வாங்கியவர்களும் உண்டு. பன்றிக்குத்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அவள் பேசி முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அப்போது ஒரு நரைத்த தலை அம்மா ஏதோ கேட்டார். அதுவரை தண்ணீர் மாதிரி ஓடிய என் மகளின் பேச்சு அங்கே நின்றுவிட்டது. ஒரு நிமிடம் தாருங்கள் என்று கையைக் காட்டி, கணினியில் சத்தத்தை நிறுத்தினாள்.

"என்னா புள்ள கேக்குறாங்க அந்தம்மா?" என்றேன்.

"ஒன்னுமில்லப்பா."

"சொல்லு."

"கம்பி எங்கேருந்து வருதுன்னு கேக்குறாங்க. வர்ற எடத்த நிறுத்தாம, வண்டியும் ஊசியும் குடுத்து என்ன பிரயோசனம்னு கேக்குறாங்க."

"நீ என்னா சொல்லப் போற?"

"தெரியலன்னு."

"தெரியாதா ஒனக்கு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "கவுன்டர்ல ஒக்காந்து ஹோம்வேர்க் செஞ்சவப்பா நான். அந்தப் பொட்டு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அந்த மேசையிலயே தெரிஞ்சுக்கிட்டேன். அந்த மூலையில இருந்து உங்களுக்குப் படம் சரியாத் தெரியாது, இங்கிலீசும் வெளங்காதுன்னு நெனச்சேன். அந்தப் படம் இல்லாட்டி என் பேச்சு எடுபடாது."

மாசக்கணக்கில் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு, தினமும் போனில் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. இத்தனை பேருக்கு முன்னால் என் பிள்ளை எனக்காகத் தெரியாது என்று பொய் சொல்லப் போகிறாளே என்று. அந்தப் பொய்யைச் சொன்னால் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் வண்டியும் இல்லை.

"சத்தத்தப் போடு" என்றேன்.

"அப்பா, வேண்டாம்."

"நான் பேசுறேன். நீ அப்படியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத."

புதுச் சட்டை போட்டதற்கு அப்போதுதான் வேலை வந்தது. திரைக்கு முன்னால் போய் நின்று, என் தமிழிலேயே சொன்னேன். இந்த வயர் என் கடையில் இருந்து போனது. இந்தப் பொட்டு நான் வைத்தது, என் குறட்டின் உடைந்த பல் அதில் தெரிகிறது. இந்த டாக்டர் என் மகள். ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் கழற்றிய வயர்தான் எங்கள் மலையில் சுருக்காகப் போகிறது, அது மடங்கும் ஆனால் அறாது. ஒரு முழ வயரில் சுருக்குப் போட முடியாது. அதனால் கழற்றிய உடனே சாண் சாணாக வெட்டிப் போட்டால் கம்பி வருகிற வழி பாதி அடைபடும். என் கடையில் இன்றைக்கே வெட்டுகிறேன். இந்தத் தெருவில் இருக்கிற மற்றக் கடைக்காரர்களையும் வெட்ட வைக்கிறேன், அவர்களில் பாதிப்பேர் என்னிடம் தொழில் பழகியவர்கள்.

மகள் ஒவ்வொன்றாக இங்கிலீசில் சொன்னாள். "இந்த டாக்டர் என் மகள்" என்ற இடத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். பெட்டிகளுக்குள் ஒருவரும் அசையவில்லை, திருக்கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்த நரைத்த அம்மா ஏதோ சொன்னார்.

"என்னா, ஏசுறாங்களா?"

"இல்லப்பா. உங்க குறட்டக் காட்டச் சொல்றாங்க."

கீழே ஓடிப் போய் எடுத்து வந்து காட்டினேன். இத்தனை நாட்டுக்காரர்களும் என் உடைந்த பல் குறட்டைக் கிட்டத்தில் வந்து பார்த்தார்கள்.

அன்று மாலையே பீப்பாயைக் கவிழ்த்து வெட்டத் தொடங்கினோம். மகள் வெட்டும் கருவியைப் பிடித்துக்கொள்ள, நான் அழுத்தினேன். மற்றக் கடைக்காரர்களை வழிக்குக் கொண்டுவர இரண்டு மாதம் பிடித்தது. ஒருவர் இன்னும் வரவில்லை, விட மாட்டேன். வெட்டத் தொடங்கிய அடுத்த வாரமே தோட்டத்துக்காரர் ஒருவர் வயர் கேட்டு வந்தார்.

"இல்லய்யா, இனிமே குடுக்கிறதில்ல" என்றேன்.

"அப்ப பன்னிக்கு நீங்க வந்து காவல் இருக்கீங்களா மொதலாளி?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். ஒரு இரவு பன்றி புகுந்தால் ஒரு குடும்பத்தின் கிழங்குப் பாத்தி போய்விடும். பழைய எண்ணெய்ப் பீப்பாய்களைப் பிரித்து, தகடாக்கி, அவருடைய பாத்தியைச் சுற்றி நானே போய் அடித்துக் கொடுத்தேன். அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கே தெரியாது.

வண்டி கிடைத்தது. ஊசித் துப்பாக்கியும் கூண்டும் இப்போது மலையிலேயே இருக்கின்றன. மாநாட்டின் அறிக்கையும் வந்தது. மகள் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அதில் "உள்ளூர் உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவரின் ஒத்துழைப்புடன்" என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான். கம்பி எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் "உள்ளூர்க் கடைகள்" என்று பொதுவாகப் போட்டுவிட்டார்கள். என் மானத்தைக் காப்பாற்ற அவள்தான் அப்படி எழுத வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நான் இதை எழுதி அனுப்புகிற பத்திரிகையின் இந்தப் பகுதியில் யாருடைய பெயரும் போடுவதில்லையாம். சரி, இங்கே வேண்டாம். ஆனால் அந்த அறிக்கையில் என் பெயர் வர வேண்டும். இதை மகளிடமும் சொல்லிவிட்டேன், அந்த மாநாட்டுக்காரர்களுக்கும் அவள் கையாலேயே கடிதம் எழுத வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் என் வேலைக்கு அடையாளமாக வைத்த பொட்டு ஒரு சிறுத்தையின் வயிற்றில் இருந்து வந்தது, அதை என் பிள்ளை தன் கையால் எடுத்தாள். அந்தக் கம்பியைக் கொடுத்தவன் இன்னான் என்று முதலில் போடுங்கள், அதை வெட்டி நிறுத்தியவனும் அவன்தான் என்று அதற்குக் கீழே போடுங்கள். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.