தலைக்கு மேல் போகிற கரண்ட்

லைன்மேன் உத்தியோகத்தில் கம்பத்து மேலே வாங்குகிற ஷாக் கம்மி. கீழே இறங்கினதும் சனங்கள் கேட்கிற கேள்வியில் வாங்குவதுதான் ஜாஸ்தி. ஃபேன் நின்றுபோய், நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டே இதைப் படிக்கும் சகபாவிகளே, ரிட்டையர் ஆன தைரியத்தில் சொல்கிறேன்.

டவருக்குக் கையெழுத்து

நைனார்பாளையம் பக்கம் கலியபெருமாளின் நிலத்தில் பெரிய டவர் நட வேண்டும். வடக்கே மலைமேல் இருக்கிற பக்கத்து நாட்டோடு கரண்ட் வாங்கி விற்பதற்காக, தெற்கையும் வடக்கையும் சேர்க்கிற லைன் அது. ஆள் மசியவில்லை. நான் புளுகுவதில் கெட்டி என்று ஆபீசுக்கே தெரியும், என்னை அனுப்பினார்கள். "கல்வராயன் மலையில ஒருத்தன் டவருக்குக் கீழ கிரைண்டரை மறந்து வெச்சிட்டான். காலையில வந்து பார்த்தா, ஒயரே மாட்டாம மாவு அரைஞ்சு கெடக்குது" என்று அளந்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"கரண்டுக்குப் பஞ்சம் வராது இல்லண்ணா? உன்ன நம்பித்தான் கரும்பு போடறேன்."

பகல் விலை, சாயங்கால விலை

டவர் வந்தது. மோட்டாருக்குத்தான் கரண்ட் போதவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்க, மேலே கம்பி உறும, நடுவில் கரும்பு சுருண்டது. கலியபெருமாளைக் கூட்டிக்கொண்டு இன்ஜினியரிடம் போனேன். அவர் உற்சாகமாகப் பாடம் எடுத்தார். பகலில் வெயில் கரண்ட் மிச்சம், விலை இறங்கும். பக்கத்து நாடு அதை மலிவாக வாங்கிக்கொண்டு தன் அணையைத் திறக்காமல் வைக்கும். சாயங்காலம் நாம் விளக்குப் போட விலை ஏறும். அந்தத் தண்ணீரில் கரண்ட் எடுத்து நமக்கே விற்கும். ரெண்டு நாட்டுக்கும் லாபமாம்.

"பகல்ல மிச்சம்னா, எம் மோட்டாருக்கு மட்டும் இன்னா சார் கேடு?"

மேஜையைத் தட்டினேன்

ஊர் டிரான்ஸ்ஃபார்மர் சின்னது, இத்தனை மோட்டார் தாங்காது என்றார். பெரிசு போடலாமே? அதற்குச் செலவு ஆகும். விவசாயக் கரண்ட் இலவசம், வரவு கிடையாது. எனக்கு உச்சி மயிர் எரிந்தது. நாடு விட்டு நாடு கம்பி இழுக்கக் காசு இருக்கிறது, ஊர் முனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு இல்லையா? மேஜையைத் தட்டிக் கத்தினேன். என் மகன் வயசுக்காரர், குரலை உயர்த்தவே இல்லை.

"ஏண்ணே கத்தறீங்க? காசு குடுக்கறவன் இருக்கற பக்கம்தான் கம்பி போகும்."

கன்டென்சர்

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு ரெண்டு ஃபேஸ்தான் வந்துகொண்டிருந்தது. அதில் மோட்டாரை ஏமாற்றி ஓட்ட எங்கள் பக்கம் எல்லாரும் கன்டென்சர் என்கிற டப்பாவைத் திருட்டுத்தனமாகப் போடுவார்கள். கண்டால் அதைப் பிடுங்கிப் போட வேண்டியவன் நான். என் கையாலேயே மாட்டிவிட்டேன். மூன்று நாள் தண்ணீர் கொட்டியது. நாலாம் நாள் மோட்டாருக்குள் கம்பிச் சுருள் கருகி, கொல்லை முழுக்க நாற்றம். மோட்டார் ரிப்பேர் ஆகி வருவதற்குள் கரும்பு காய்ந்து சருகாகிவிட்டது. நான் போனபோது கலியபெருமாள் முகம் கொடுக்காமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். அவர் சம்சாரம் அஞ்சலை, டவர் காலடியில் காய்ந்த கரும்பை வெட்டிக்கொண்டிருந்தவர், அரிவாளை நிறுத்தவில்லை.

"ரெண்டு நாடு லாபம் பாத்துக்கினு கீதே, நஷ்டத்துக்கு எங்க ஒரு வூடுதான் கெடச்சிதா உங்களுக்கு?"

இத்தனை வருஷம் கம்பம் ஏறி நான் கற்ற பொருளாதாரம் இவ்வளவுதான்: கரண்டுக்கு நாட்டு எல்லை தாண்டத் தெரிகிறது, ஒரு வரப்பு தாண்டத்தான் தெரியவில்லை.