தையல்காரி மாற்றிய கேஸ்கட்

என் மனைவிக்கு இன்ஜினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது காரின் முன்பக்கம் இருக்கும் என்பது மட்டும்தான். அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று இத்தனை வருடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு நீள மேஜை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் காகித அளவுகள். நான் லாரி டிரைவர். இருபத்தாறு வருடம் ஓட்டினேன். வழியில் நின்றுபோன வண்டியை ரோட்டில் மல்லாக்கப் படுத்துச் சரிசெய்து ஊர் வந்து சேர்ந்தவன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே சரிந்துவிட்டேன். பக்கவாதம். பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது, காலும் ஓரளவு வந்துவிட்டது. வலது கை மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. "முதல் ஆறு மாசம்தான் முக்கியம். இப்ப விட்டுட்டா கை இப்படியே நின்னுடும்" என்றார் டாக்டர். செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் கைக்குப் பயிற்சி. ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி. ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். படியில் நான் விழுந்ததுதான் மிச்சம். வாடகைக் கார் எங்கள் தெருவுக்கு நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆக, எங்கள் பழைய கார்தான் கதி. ஓட்டுவது அவள். பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்துவது நான்.

அந்தக் காருக்கு எங்கள் மகள் வயது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கார் மட்டும் எங்களை விட்டுப் போகாமல் வாசலிலேயே கிடக்கிறது.

ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்து திரும்பும்போது காருக்குள் எண்ணெய் கருகும் வாசனை. சிக்னலில் நின்றால் புகை. இருவரும் இருமிக்கொண்டே மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். இன்ஜினின் மேல்மூடிக்கும் அதன் அடிப்பாகத்துக்கும் நடுவே எண்ணெய் வெளியே வராமல் அடைத்துக்கொண்டிருக்கும் கேஸ்கட் நொறுங்கிப் போயிருந்தது. ஒழுகும் எண்ணெய் நேராகச் சூடான புகைக்குழாயில் விழுகிறது.

"இப்படியே ஓட்டாதீங்க. தீப்பிடிச்சா உங்களால இறங்கிக்கூட ஓட முடியாது" என்றார் என்னைப் பார்த்து. நியாயம்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

"எப்பத் தருவீங்க?" என்று கேட்டாள் அவள்.

"முன்னாடி நாலு வண்டி நிக்குதும்மா. தலைகீழா நின்னாலும் பத்து நாள் ஆகும்."

பத்து நாள் என்றால் நான்கு பயிற்சி போச்சு. அவள் மனசுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்க வேண்டும். பின்மண்டையைச் சொறிந்துகொண்டே, "அவசரம்னா மேல்மூடி கேஸ்கட்டை மட்டும் நீங்களே மாத்திக்கலாம். இந்தப் பழைய வண்டிக்குக் கடையில கேஸ்கட் கிடைக்காது. பாட்டில் அடைக்கிற கார்க் இருக்கே, அதுல ஒரு தகடு தரேன், அளவு பார்த்து வெட்டிப் போடணும்" என்றார்.

பழைய நானாக இருந்தால் "கொண்டாய்யா" என்று அப்போதே வாங்கியிருப்பேன். இப்போது கை மடியில் கிடந்தது. அவள்தான் கேட்டாள்:

"தப்பாப் போட்டா என்ன ஆகும்?"

"எண்ணெய் ஒழுகும்."

"அதுதான் இப்பவே ஒழுகுதே. மறுபடி கழட்டிப் போடலாமா?"

"தாராளமா."

"அதுக்கும் கீழே ஏதாவது கேஸ்கட் இருக்கா?"

"ஹெட் கேஸ்கட். அதைத் தப்பாப் போட்டா இன்ஜினே போயிடும்."

"அப்ப அது உங்க வேலை" என்று சொல்லிவிட்டுத் தகட்டைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிரித்துத் தைக்க முடிந்ததைத்தான் அவள் தொடுவாள். முப்பத்தொரு வருடமாக வாடிக்கைக்காரர்களிடம் அவள் சொல்லி வருவது இதைத்தான்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எனக்குத் தெரியும், கை இல்லை. அவளுக்குக் கை இருக்கிறது, தெரியாது. மெக்கானிக் அன்று மாலையே காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டார். ஞாயிறு காலை அவள் பானெட்டைத் தூக்கியதும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வாயாலேயே வேலை பார்க்க ஆரம்பித்தேன். "இடது பக்கம் திருப்பு. அட, என் இடது இல்ல, நட்டோட இடது!" நட்டுக்கு ஏது இடது வலது என்று திருப்பிக் கேட்டாள்.

ஆனால் அவள் வேலை செய்த விதம் இருக்கிறதே! ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து ஓட்டை போட்டு, எந்த இடத்து நட்டோ அந்த இடத்து ஓட்டையிலேயே அதைச் செருகி வைத்தாள். இன்ஜினுக்குள் எதுவும் விழக் கூடாது என்று வெட்டுத்துணியால் அடைத்தாள். எத்தனை துண்டு வைத்தாள் என்பதைச் சாக்பீஸால் தரையில் எழுதினாள். நான் என்றைக்காவது எண்ணினேனா? ஒருமுறை ஒரு நட்டை உள்ளே போட்டுவிட்டு அரைநாள் தேடியவன் நான்.

பழைய கேஸ்கட் துண்டுதுண்டாகத்தான் வந்தது. அதனால் மூடியையே காகிதத்தில் கவிழ்த்து வரைந்து, கார்க்கில் வெட்டினாள். கொண்டுவந்து வைத்தால், வெளிப்பக்கம் அரை அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. உள்பக்கமும் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னடி?"

"தையலுக்கு விட்டேன்" என்றாள், பாடம் ஒப்பிப்பதுபோல. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

நான் சிரித்தேன். விழுந்ததிலிருந்து அப்படிச் சிரிக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்ஜினுக்கு ஓரம் மடித்து அடிக்கப் போகிறாயா, காஜா எடுக்கப் போகிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் அசரவில்லை. "கூடுதலா இருந்தாக் குறைக்கலாம். குறைச்சலா வெட்டியிருந்தா இப்ப ஒட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம்" என்று சொல்லிவிட்டு மேஜைக்குப் போய் நறுக்கிக் கொண்டுவந்தாள். கனகச்சிதமாகப் பொருந்தியது.

அங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். மூடி திறந்திருக்கிறது. கீழே ஹெட் கேஸ்கட் ஓரத்தில் லேசாகத் தண்ணீர் கசிந்த தடம். பார்த்ததும் எனக்குக் கை அரித்தது, சரியாக அசையாத அந்தக் கைதான். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அதையும் பார்த்துடலாம். நான் சொல்லச் சொல்ல நீ செய். லாரியில எத்தனை மாத்தியிருக்கேன்!" என்றேன்.

"வேண்டாம்."

"உனக்கு என்ன தெரியும்? எல்லாம் தெரிஞ்சவ மாதிரி பேசாத!" குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள், துணியில் ஒரு கறை பட விடாத அவளா அப்படி என்று நான் திகைக்கும்படி. "இந்தக் காரைக் கெடுத்துட்டா வேற கார் தேடிக்கலாம். உங்க கைக்கு இன்னும் மூணே மாசம்தான் இருக்கு. அதை மட்டும் என்னால பிரிச்சுத் தைக்க முடியாதுங்க. செவ்வாய்க்கிழமை நாம போறோம்."

இவ்வளவு நாள் என் கைக்காக நான் பட்ட கவலையைவிட அவள் பட்டது அதிகம் என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தரையில் எழுதியதோடு சரிபார்த்தாள். மூடியை வைத்தாள். நடுவிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும், ஒரேயடியாக முறுக்காமல் சுற்றிச்சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். நான் முறுக்கினால் நட்டு கதறும். அவள் இரண்டு விரலால் பிடித்து, துணி சுருங்கிவிடுமோ என்பதுபோல முறுக்கினாள். கார்க்குக்கு வேண்டியது அந்தப் பக்குவம்தான். திங்கட்கிழமை தெருக்கோடிவரை ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். சிக்னலில் நின்றோம், புகை இல்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தேன். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு. நெஞ்சு நிறைந்துபோய், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "நன்றிம்மா."

வண்டியை ஓரங்கட்டிச் சடாரென்று நிறுத்தினாள். முகம் வெளிறிவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"நன்றின்னு சொன்னேன்."

"சிரிங்க. பல்லு தெரியச் சிரிங்க. ரெண்டு கையையும் தூக்குங்க, சீக்கிரம்!"

மறுபடி வாதம் வந்தால் வாய் கோணும், பேச்சு உளறும், கை இறங்கும் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாகப் புருஷன் நன்றி சொன்னால் பாவம் அவள் வேறு என்ன நினைப்பாள்?

பல்லைக் காட்டினேன். கைகளைத் தூக்கினேன். இடது கை காரின் கூரையைத் தொட்டது. வலது கை நடுங்கிக்கொண்டே கிளம்பியது. போன வாரம்வரை நெஞ்சைத் தாண்டாத கை, தோள் உயரத்துக்கு வந்து நின்றது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது.

"இன்னொரு தடவை" என்றாள்.

"கையைத் தூக்கவா?"

"அது இல்லங்க. முதல்ல சொன்னதை."

சொன்னேன்.