ஏழு வயலினுக்கும் ஒரே விலை

விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பதினெட்டு வருடம் ஆய்வாளராக இருந்தேன். தராசில் காந்தம் ஒட்டியவர்களையும் ஒரே சரக்குக்கு இரண்டு ரசீது போட்டவர்களையும் பிடித்திருக்கிறேன். ஆனால் கடைக்காரர் ஒருவரைப் பார்த்து நான் வாயடைத்துப் போனது ஒரே ஒரு முறைதான். தெருவில் எல்லோரும் அவரைச் சுருதியக்கா என்று கூப்பிடுவார்கள். வாத்தியக் கடை வைத்திருந்தார். எந்தத் தந்தியையும் ஒரு தடவை சுண்டிப் பார்த்தே சுருதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர் அது.

பள்ளிகளில் இசையைக் கட்டாயப் பாடமாக்கிய வருடம். ஒரே மாதத்தில் வாத்தியங்களின் விலை எகிறியது. பெற்றோர் கொதித்துப்போனார்கள், அதில் நியாயமும் இருந்தது. அரசு உச்சவரம்பு விலை போட்டது. பட்டியலில் வயலினுக்கு ஒரே ஒரு வரிதான்: 'வயலின், முழு அளவு.' பக்கத்தில் ஒரு தொகை. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஒட்டி அனுப்புவதும், ஒரு தச்சர் மூன்று மாதம் உட்கார்ந்து இழைத்ததும் அந்த ஒரே வரிக்குள் அடக்கம். காட்சிக்கு வைத்ததை விற்க மறுத்தால் அபராதம் வேறு.

உத்தரவு வந்த வாரமே தெருவில் நல்ல வயலின்களெல்லாம் மாயமாகிவிட்டன. சில கடைகளில் வயலின் அரசு விலைக்குக் கிடைத்தது; அதை வைக்கும் பெட்டி மட்டும் வயலினைப் போல நாலு மடங்கு. நான் அபராதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்து, கடைசியாகச் சுருதியக்கா கடைக்குப் போனேன்.

சுவரில் ஏழு வயலின்கள். ஏழிலும் ஒரே விலைச் சீட்டு. கொள்முதல் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் ஒன்றை உச்சவரம்பைவிட ஐந்து மடங்கு கொடுத்து வாங்கியிருந்தார்.

"இதையும் இந்த விலைக்கா விக்கப் போறீங்க?"

"பட்டியல்ல ஒரு வரிதானே சார் இருக்கு?"

"உள்ள எடுத்து வெச்சிருக்கலாமே?"

"வெச்சிருக்கலாம். வாசிக்காம பூட்டி வெச்சா அது வெறும் மரம் சார்."

பேருந்து ஓட்டும் அவர் கணவர் வேலை முடிந்து வந்து மூலையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளா நானும் இதத்தான் சொல்றேன் சார். செவுத்துல போய் முட்டிக்கிட்டாலாவது செவுரு கொஞ்சம் நகரும்," என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதில் ஏதோ உள்வேலை இருக்கிறது என்றே நினைத்தேன். சனிக்கிழமை காலை, கோப்பு எதுவும் இல்லாமல், வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். சுருதியக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

சுவர் காலியாக இருந்தது. ஏழு வயலின்களும் உள்ளறையில். அறை வாசலில் ஒரு கனத்த திரை. அவர் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக, ஒரே மெட்டை வாசிப்பார். வாங்க வந்தவர்கள் பிடித்ததன் எண்ணைச் சொல்ல வேண்டும். எதைச் சொல்கிறார்களோ அது அவர்களுக்கு.

முதலில் வந்தவரை எனக்கே தெரியும். ஒரு மொத்த வியாபாரியின் ஆள். அரசு விலைக்கு வாங்கி வெளியூரில் விற்பது அவர்கள் கணக்கு.

"அந்தப் பழுப்புக் கலர்ல ஒண்ணு இருக்குமே, அதக் கொடுங்க."

"கலர் பாத்து வாங்க இது என்ன புடவையா? உக்காருங்கண்ணே, கேளுங்க. எல்லாம் ஒரே விலைதான்."

கடையில் நின்றிருந்த கூட்டம் சிரித்தது. மனிதர் வீறாப்பாக உட்கார்ந்தார். ஏழும் முடிந்ததும், "நாலாவது!" என்றார் அடித்துச் சொல்வதுபோல். நாலாவது, கொள்முதலில் இருப்பதிலேயே மலிவானது. முகம் சுண்டிப்போய் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து ஒரு பெண், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். பள்ளிக்கூடம் போகும் மகளுக்காக வந்திருந்தார். "எனக்குப் பாட்டெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா," என்று தயங்கினார்.

"காது இருக்குல்ல? போதும்."

இப்போது ஆறு வயலின்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் நான்கும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்டன. ஐந்தாவது தொடங்கியபோது என் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. யாரோ பக்கத்தில் வந்து என்னிடம் மட்டும் பேசுவது மாதிரி இருந்தது. பதினெட்டு வருடத்தில் எடைபோட்டும் அளந்தும் நான் சோதித்த சரக்கு எதிலும் இப்படி ஒன்று இருந்ததில்லை. கண்ணைத் திறந்தேன். மகளின் தலையை வருடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றிருந்தது.

ஆறாவதை அவர் கேட்கவே இல்லை. "இதும்மா. இதுதான்."

திரை விலகியது. ஐந்து மடங்கு கொடுத்து வாங்கிய அதே வயலின். சுருதியக்கா அதைத் துணியால் துடைத்து, அரசு விலையை வாங்கிக்கொண்டு, "இவ்வளவு காது வெச்சிக்கிட்டு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றீங்களே," என்றபடி கொடுத்தார்.

"இந்த நஷ்டத்த எப்படித் தாங்குவீங்க?" என்று அவர்கள் போனதும் கேட்டேன்.

"தெரியல சார்," என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

அடுத்த மாதம் அந்த மொத்த வியாபாரி கோபத்தில் அவர் கடைக்குச் சரக்கை நிறுத்தினார். சுவர் காலியானது. கிடைத்த மட்டமான வயலின்களை வாங்கி, தந்திகளைத் தாங்கும் குதிரைக் கட்டையைச் செதுக்கி, அவற்றை இறுக்கும் முறுக்காணிகளைச் சரிசெய்து, வாசிக்கும்படி ஆக்கி விற்றார். கணவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

நான் அறிக்கை எழுதினேன். என் மேலதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். "சத்தத்த எந்தத் தராசுலய்யா வைக்கிறது?" விலைப் பட்டியலை மறுஆய்வு செய்யும் கூட்டத்துக்குச் சுருதியக்காவையே வரச் சொன்னேன்.

கடை கடையாக இரவல் கேட்டு மூன்று வயலின்களோடு வந்தார். கூட்ட அறையில் திரை ஏது? மேசை விரிப்பை நானும் இன்னொரு ஊழியரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பிடித்தோம். பின்னால் நின்று அவர் வாசித்தார். கூட்டத்தில் இருந்த ஐந்து அதிகாரிகளும் கோப்புகளைப் புரட்டுவதை நிறுத்தினார்கள். சீட்டில் எண்ணை எழுதச் சொன்னார். நான்கு சீட்டில் ஒரே எண். ஐந்தாமவர் எண்ணே எழுதவில்லை. 'கடைசியாக வாசித்ததை இன்னொரு தடவை' என்று எழுதியிருந்தார். மற்ற நால்வரும் எழுதியது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

கூட்டத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது மூணும் ஒரே விலையா?"

"நீங்க போட்டதுதானே சார்," என்றார் சுருதியக்கா, மரியாதையாகவே.

நான்கு மாதம் கழித்து அந்த ஒரு வரி நான்கு வரியானது. கையால் செய்ததற்குத் தனி விலை. பள்ளி வயலினுக்குப் பழைய உச்சவரம்பு அப்படியே நின்றது. அதுதான் சரி என்று அவரும் சொன்னார். அவர் இழந்தது திரும்ப வரவில்லை; அதற்கு விதியும் இல்லை. புதிய பட்டியலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏணியில் நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர், இறங்காமலே கையை நீட்டி வாங்கி, நின்றபடியே முழுதும் படித்தார்.

"புல்லாங்குழலுக்கு இன்னும் ஒரே வரிதான் போட்டிருக்காங்க," என்றார். "அடுத்த கூட்டம் என்னிக்கு சார்?"