பஞ்சாட்சரத்தின் நீல வட்டம்

வரைபடத்தை விரித்ததும் பஞ்சாட்சரம் முதலில் படிக்கமாட்டார், தடவுவார். தறியில் விரித்த பாவில் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓட்டுவார். அப்புறம்தான் மூக்குக்கண்ணாடி.

அது வெள்ளைக்காரன் காலத்து சர்வே வரைபடம். காஞ்சிபுரத்துப் பழைய பேப்பர் கடையில் ஜரிகைப் பொட்டலம் மடிக்கக் கிடந்ததை மீட்டு வந்திருந்தார். அதில் திருப்புட்குழிக்கு வெளியே, ஊர் மாடுகள் மேயும் பொதுநிலத்தில், வண்டிப்பாதையை ஒட்டி ஒரு நீல வட்டம். கிணறு!

அறுபத்தொன்பதாம் வருஷக் கோடை. குளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி கிடைக்கலைன்னா ரெண்டு மாடும் ஓரிக்கைக்கு, எங்க அண்ணன் வூட்டுக்குப் போவுது" என்று மனைவி தில்லையம்மாள் சொல்லிவிட்டாள். தறிக்காரனுக்கு மாடு எதற்கு என்பது அவள் கட்சி. மச்சான் வீட்டுக் கொட்டகையில் மாட்டைக் கட்டுவதற்குத் தன்னையே கட்டிவிடலாம் என்பது அவர் கட்சி.

வரைபடம் தொட்டால் உதிர்ந்தது. அதனால் சேலைக்கு டிசைன் போடும் கட்டத்தாளில் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போய், ஆள் வைத்து மார்பளவு தோண்டினார். மண்வெட்டியில் ஈரம்கூட ஒட்டவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் ஜினகுமார் மட்டும், பாதைக்கு எதிரே, பொதுநிலத்தில் போட்டிருந்த தன் வைக்கோல் போரின் நிழலில் நின்று உற்சாகப்படுத்தினார்:

"நல்ல இடம்பா! இன்னும் ரெண்டு முழம் தோண்டு!"

கஞ்சி கொண்டுவந்த தில்லையம்மாள் கட்டத்தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, தாமல் ஏரி நமக்கு எந்தப் பக்கம் இருக்குது?"

"மேக்கால."

"இதுல கிழக்கால கீதே. ஏரி எப்போ வூடு மாறிச்சு?"

பஞ்சாட்சரம் தாளைப் பின்பக்கமாகத் திருப்பி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். அவர் தறியில் சேலையின் முகம் கீழ்நோக்கி இருக்கும். அதனால் டிசைனை எப்போதும் இடம் வலம் மாற்றித்தான் வரைவார். பழகிய கை, கிணற்றையும் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டது.

மெல்ல எதிர்ப்பக்கம் நிமிர்ந்து பார்த்தார். வைக்கோல் போர்.

"இந்த வெயில்ல இன்னொரு பள்ளம் இன்னாத்துக்குப்பா?" ஜினகுமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவசரமாகக் குறுக்கே வந்தார். "மழை வர்ற வரைக்கும் உன் மாடுங்க நம்ம பம்புசெட்டுலயே குடிக்கட்டும். வாயில்லா ஜீவனுங்க!"

மாடுகள் ஓரிக்கை போகவில்லை. எறும்புக்கும் வழிவிடுகிற சமணக் குடும்பமாயிற்றே என்று கோடை முழுக்க, கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் பஞ்சாட்சரம் புகழ்ந்து தள்ளினார்.

ஆவணியில் போர் கரைந்து தரை தெரிந்தது. மேயப் போன அவருடைய செவலைப் பசு அங்கே காலை வைத்ததும் 'டொக்'கென்றது. மண்ணை ஒதுக்கினால் பனம்பலகை. அதன் கீழே செங்கல் கட்டிய கிணறு, பளபளவென்று தண்ணீரோடு. பலகை புத்தம் புதுசு. ஊர்ப் பொதுக் கிணற்றை மூடிவிட்டுத்தான் ஜினகுமார் அதன்மேல் போர் போட்டிருந்தார்.