கழன்ற முளை

சிறுவயதில் நான் செய்த ஒரு காரியத்தால், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தின் மேல் ஊர்ப்பழி விழுந்தது.

இப்போது நான் வாழும் மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரின் மண்டபத்தில் அண்மையில் நடந்த சீனப் புத்தாண்டு விழாவில், காகித விளக்குகள் சூடாகும் மணம் அந்த நினைவைக் கிளறியது.

மலாயாவில் அப்பா ரயில்வே குமாஸ்தா. நாங்கள் இருந்த கிராமத்துச் சீனர்கள் புத்தாண்டில் வீட்டுக்கொரு பலகையில் விளக்கேற்றி, பலகைகளை மரமுளைகளால் கோத்து, நீண்ட டிராகனாகத் தோளில் சுமந்து ஆடுவார்கள். அது எந்த வீட்டுப் பலகையில் அறுகிறதோ அந்த வீட்டால் ஊருக்கே கேடு என்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் லியோங் என்னை ஆட்டத்தில் சேர்க்காத கோபத்தில், அவர்கள் பலகையின் முளையை உருவி எறிந்தேன். டிராகன் அறுந்தது. மறு ஆண்டு அவர்களுடைய பலகையை ஒருவரும் கோக்கவில்லை.

வீடு திரும்பியதும் பினாங்கிலிருக்கும் லியோங்குக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் பழகிய தமிழ் அவனுக்கு மறக்கவில்லை.

“தெரியுமடா. என்ரை அப்பா கண்டவர். சின்னப் பெடியன், வெளியிலை சொல்லாதை எண்டவர்.”

“நான் ஊராருக்கு எழுதட்டோ?”

“ஆருக்கு எழுதப்போறாய்? அங்கை இப்ப ஆட்டமே இல்லை. அப்பா அந்த முளையைப் பொறுக்கி வைச்சிருந்தவர். விலாசத்தைச் சொல்லு, அனுப்பிறன்.”

மூன்று வாரத்தில் முளை வந்தது. என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது.